பிடரியில் பிறக்கும் தலைவலி

தலை வலிக்கிறது என்றதும் கை தானாக நெற்றிக்குப் போகிறது. இரண்டு நெற்றிப்பொட்டிலும் தைலம் தேய்த்து, துணியை இறுக்கிக் கட்டி, விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பது பல வீடுகளில் இன்றும் உண்டு. 1893-ல் பம்பாயில் பிறந்து 1914-ல் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சன், தாத்தா காலம் தொட்டு இந்த நெற்றிப்பொட்டுகளில்தான் தேய்க்கப்பட்டு வருகிறது. ஆனால் ஒரு சாராருக்கு வலி புறப்படும் இடமே வேறு. அது பிடரி.

இவர்களுக்குக் காலையில் எழும்போதே கழுத்தின் மேல்பகுதியில், மண்டை தொடங்கும் இடத்தில், ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். மதியத்துக்குள் அது பின்மண்டையில் ஏறி, காதுக்கு மேலாக வந்து, கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் திரும்பினாலோ, அண்ணாந்து பரணைப் பார்த்தாலோ கூடும். இந்த வாரம் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம் என்று மாறாது. எப்போதும் அதே பக்கம்தான். கண்ணில் வலிப்பதால் முதலில் கண் டாக்டரிடம் போவார்கள், கண்ணாடி மாற்றுவார்கள். அடுத்து சைனஸ் எக்ஸ்ரே. அதன்பிறகு மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு வருடங்கள் ஓடும். கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

இந்தத் தலைவலியைத் தனி நோயாக வரையறுத்துப் பெயரிட்டவர் நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரத்து நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷோஸ்டாட். ஆண்டு 1983. அவர் வைத்த பெயர் 'செர்விகோஜெனிக்' தலைவலி, அதாவது கழுத்துவழித் தலைவலி. பெயர் வைத்ததோடு அவர் நிற்கவில்லை. 1990-களில் வோகோ என்ற மலைப்பகுதிக்குச் சென்று, அங்குள்ள 1,838 பேரை நேரில் உட்காரவைத்து விசாரித்து, கழுத்தை அசைத்துப் பரிசோதித்தார். 4.1 சதவீதம் பேருக்கு இந்தத் தலைவலி இருப்பதாகச் சொன்னார். அதே நார்வேயில் பின்னாளில் ஆக்கர்ஷுஸ் பகுதியில் கறாரான அளவுகோலுடன் 30 முதல் 44 வயதுக்காரர்களிடம் எடுத்த கணக்கில் கிடைத்ததோ வெறும் 0.17 சதவீதம். ஒரே நாட்டில் இத்தனை வித்தியாசம் வருகிறது என்றால், இந்த நோயின் எல்லையைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே எவ்வளவு விவாதம் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நோய் உண்மையானது. ஆனால் கழுத்தும் தலையும் சேர்ந்து வலிக்கும் எல்லோருக்கும் இதுதான் என்று முத்திரை குத்துவது பெரிய தவறு. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

கழுத்தில் கோளாறு, கண்ணில் வலி

கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றில் மேலே இருக்கும் மூன்றும், அவற்றை ஒட்டிய மூட்டுகளும், பிடரிக்கு அடியில் இருக்கும் குட்டித் தசைகளும்தான் இந்தக் கதையின் நாயகர்கள். இந்தப் பகுதியின் உணர்ச்சியை மேல்கழுத்தின் முதல் மூன்று நரம்புகள் சுமக்கின்றன. முகம், கண், நெற்றி ஆகியவற்றின் உணர்ச்சியைச் சுமப்பது ட்ரைஜெமினல் என்ற முக நரம்பு. இந்த முக நரம்பின் இழைகள் மூளைத்தண்டில் முடிந்துவிடாமல் கழுத்துத் தண்டுவடத்தின் மேல்பகுதி வரை கீழே இறங்கி வருகின்றன. அங்கே கழுத்து நரம்புகளும் வந்து அதே செல்களில் சேர்கின்றன. இரண்டு வீட்டுக்கும் ஒரே காலிங் பெல் என்றால் அழுத்தியது எந்த வீட்டு விருந்தாளி என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாதல்லவா? மூளையின் நிலையும் அதுதான். மேல்கழுத்து மூட்டிலிருந்து வந்த செய்தியை நெற்றியிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்கிறது.

இதில் அதிகம் மாட்டுவது இரண்டாவது, மூன்றாவது எலும்புகளுக்கு இடையே இருக்கும் சின்ன மூட்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நிக்கோலாய் பொக்டுக், அந்த மூட்டுக்குச் செல்லும் நரம்பை மட்டும் ஊசியால் மரக்கவைத்து, தலைவலி போகிறதா என்று பார்க்கும் முறையை 1980-களில் வளர்த்தெடுத்தார். விபத்தில் கழுத்து உதறி, நாள்பட்ட வலியோடு வந்த 100 பேரை அவருடைய குழு இந்த ஊசி முறையில் பரிசோதித்து 1994-ல் முடிவை வெளியிட்டது. 27 சதவீதம் பேரின் தலைவலிக்கு அந்த ஒரே மூட்டுதான் காரணம். கார், பைக் விபத்துக்குப் பிறகு 'அடி எதுவும் படவில்லை, தலை மட்டும் வலித்துக்கொண்டே இருக்கிறது' என்பவர்களை 'மனப்பிரமை' என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊரில் கழுத்து ஸ்கேன் எடுத்தால், பெரும்பாலும் 'சி5-சி6 டிஸ்க் பிதுக்கம்', 'எலும்புத் தேய்மானம்' என்று ரிப்போர்ட் வரும். உடனே தலைவலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று நிம்மதி. ஆனால் ஐந்தாவது, ஆறாவது எலும்புகள் இருப்பது கழுத்தின் கீழ்ப்பகுதியில். அங்கே நரம்பு அழுந்தினால் தோள் வலிக்கும், கை மரக்கும், விரல் சுருக்கென்று குத்தும். நெற்றி வலிப்பதற்கு அது பொதுவாகக் காரணமாவதில்லை. தவிர, ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்குக் கழுத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருப்பவர்களிலேயே பெரும்பாலோருக்கு அப்படித்தான். வலியே இல்லாதவர்களிடம் இவ்வளவு இருக்கும்போது, ஸ்கேன் தாளை மட்டும் வைத்துக்கொண்டு தலைவலிக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேனும் கழுத்து வலியோடு வரும். மைக்ரேன் உள்ளவர்களில் பெரும்பாலோர் வலி வரும்போது கழுத்து பிடித்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். அது மைக்ரேனின் ஒரு பகுதி. கழுத்தில் கோளாறு என்று அர்த்தமில்லை. வாந்தி, வெளிச்சம் தாங்க முடியாமை, விண்விண்ணென்று தெறிப்பு, பக்கம் மாறி மாறி வருவது ஆகியவை மைக்ரேனைக் காட்டும். கழுத்தைத் திருப்புவது குறைந்துபோயிருந்தால், ஒரு குறிப்பிட்ட இடத்தை அழுத்தும்போது அதே தலைவலி அப்படியே எழுந்தால், கழுத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

நல்ல பிசியோதெரபிஸ்ட் இதைக் கையாலேயே பார்ப்பார். நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். அவர் தலையை இரண்டு கைகளில் ஏந்தி, தாடை மார்பை நெருங்கும் வரை கழுத்தை முழுக்க மடக்குவார். இப்படி மடக்கினால் கீழ்க் கழுத்து பூட்டிக்கொள்ளும். திரும்புகிற வேலை முதலிரண்டு எலும்புகளிடம் மட்டும் மிச்சம் இருக்கும். அந்த நிலையில் தலையை மெதுவாக வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்புவார். சாதாரணமாக ஒவ்வொரு பக்கமும் சுமார் 44 டிகிரி திரும்ப வேண்டும். வலிக்கிற பக்கம் அதில் 10 டிகிரிக்கு மேல் குறைந்து, கதவு முட்டியதுபோல் நின்றால் மேல்கழுத்தில் பிரச்னை இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு நிமிட வேலை, செலவு கிடையாது.

டேவன்போர்ட்டில் தொடங்கிய வைத்தியம்

கழுத்துவழித் தலைவலிக்கு இன்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது கைரோபிராக்டிக். ஒருவர் குப்புறப் படுத்திருப்பார், இன்னொருவர் தலையைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டுவார், 'படக்' என்று சத்தம் வரும், படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுவார். கோடிக்கணக்கானோர் இந்த வீடியோக்களைப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த வைத்தியம் பிறந்தது அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில், 1895-ல். கனடாவில் பிறந்த டேனியல் டேவிட் பால்மர் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்தவர். தன் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லர்டின் முதுகெலும்பில் அழுத்தி, அவருக்குப் போயிருந்த கேட்கும் திறனை மீட்டதாக அறிவித்தார். நோய்கள் பெரும்பாலும் முதுகெலும்பு லேசாக இடம் விலகுவதால் வருகின்றன, அதைச் சரிசெய்தால் உடம்பு தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் என்பது அவருடைய கொள்கை. 1897-ல் பள்ளி தொடங்கினார். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்ததற்காக 1906-ல் சிறைக்கும் போனார். அவருடைய மகன் பி.ஜே. பால்மர்தான் இதைப் பெரிய தொழிலாக வளர்த்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை ஒழித்துக்கட்டப் பார்த்தது. கைரோபிராக்டர்கள் 1976-ல் வழக்குப் போட்டு, 1987-ல் வென்றார்கள்.

இத்தனை ஆண்டுகளில் இந்தத் துறையும் ஒரே மாதிரி இல்லை. பால்மரின் கொள்கையை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். முதுகு, கழுத்து வலிக்கு மட்டும் உடற்பயிற்சியோடு சேர்த்து வைத்தியம் பார்க்கும் நிதானமானவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலே 2010-ல், எலும்பு விலகல்தான் நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று எழுதிவைத்தது. 'எலும்பு விலகியிருந்தது, உள்ளே தள்ளிவிட்டேன்' என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த 'படக்' சத்தமும் எலும்பு உட்காரும் சத்தம் அல்ல. 2015-ல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து விரலை இழுத்து நேரடியாகவே படம் பிடித்தார்கள். மூட்டுகள் சட்டென்று பிரியும்போது, உள்ளிருக்கும் வழவழப்பான திரவத்தில் வாயுக்குழி உருவாகிறது. சத்தம் வந்தது அந்தக் கணத்தில்தான். வலி குறைவதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் கையால் செய்யும் சிகிச்சை பயனற்றதா? இல்லை. சோதனைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் க்வென் ஜூல் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதில் அடித்தளம். கழுத்துவழித் தலைவலி உள்ள 200 பேரை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கையால் மூட்டை இயக்கும் சிகிச்சை. ஒரு பிரிவுக்குக் கழுத்துப் பயிற்சி. ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு இவை எதுவும் இல்லை. சிகிச்சை ஆறு வாரம். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, முதல் மூன்று பிரிவினருக்கும் தலைவலி வருவதும் அதன் வேகமும் குறைந்திருந்தன. நான் திரும்பத் திரும்பப் படிப்பது இதில் உள்ள ஒரு முடிவைத்தான்: பயிற்சி மட்டும் செய்தவர்களும் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தேறினார்கள். அந்தக் கைச்சிகிச்சையிலும் மெதுவான அசைவுகள் கலந்தே இருந்தன. வெட்டித் திருப்புவது மட்டும் அல்ல.

அமெரிக்காவில் 2018-ல் வெளிவந்த இன்னொரு சோதனையில் 256 பேர். கைரோபிராக்டர்களின் அழுத்தச் சிகிச்சையை ஆறு வாரத்தில் 18 தடவை பெற்றவர்களுக்கு, மாதத்தில் சுமார் 16 நாள் வந்த தலைவலி 8 நாளாகக் குறைந்தது. நல்ல பலன்தான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மைக்ரேனுக்கு இதே சிகிச்சையை நார்வேயில் 104 பேரிடம் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 2017-ல் வெளியிட்டபோது நிலைமை வேறு. உண்மைச் சிகிச்சை, போலிச் சிகிச்சை, வழக்கமான மருந்து ஆகிய மூன்று பிரிவிலும் தலைவலி குறைந்தது. அந்தப் பலன் பெரும்பாலும் நம்பிக்கையின் பலன்தான் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அதனால்தான் எந்தத் தலைவலி என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

திருகும்போது என்ன நடக்கிறது

மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்து எலும்புகளின் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாக, ஆறாவது எலும்பிலிருந்து முதல் எலும்பு வரை ஏறுகின்றன. உச்சியில், முதல் எலும்பைச் சுற்றி வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. கழுத்தை வேகமாக முழுக்கத் திருப்பும்போது அதிகம் இழுபடுவது இந்த வளைவுதான். தமனியின் உட்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். 50 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வரும் பக்கவாதத்துக்கு, கழுத்துத் தமனிக் கிழிசல் முக்கியமான காரணங்களில் ஒன்று. 2016-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 34 வயது மாடல் ஒருவர் இறந்தபோது, கைரோபிராக்டர் கழுத்தைத் திருப்பியதில் தமனி கிழிந்ததே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார்.

இது அரிதாகத்தான் நடக்கிறது என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. காரணம் எது, விளைவு எது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2008-ல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் எடுத்த ஆய்வில், இத்தகைய பக்கவாதத்துக்கும் அதற்கு முன்பு கைரோபிராக்டரிடம் போனதற்கும் இருந்த அதே மாதிரித் தொடர்பு, சாதாரண டாக்டரிடம் போனதற்கும் இருந்தது. அதாவது தமனி ஏற்கெனவே கிழிந்து, அந்த வலிக்காகவே வைத்தியம் தேடிப் போயிருக்கலாம். அமெரிக்க இதயச் சங்கம் 2014-ல் வெளியிட்ட அறிக்கை, கழுத்தைத் திருப்பும் சிகிச்சைக்கும் தமனிக் கிழிசலுக்கும் தொடர்பு காணப்படுகிறது, காரணம் என்று நிரூபணமாகவில்லை, ஆனால் சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்றது.

இந்த விவாதம் எந்தப் பக்கம் முடிந்தாலும் எனக்கு ஆறுதல் இல்லை. ஏற்கெனவே கிழிந்த தமனியோடு ஒருவர் 'கழுத்து பிடித்துக்கொண்டது' என்று வந்து படுக்கிறார். அவர் கழுத்தைத்தான் ஒரு வெட்டு வெட்டித் திருப்புகிறார்கள். மென்மையான முறையும் பயிற்சியும் இதே பலனைத் தரும்போது, அந்த வெட்டு எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை.

வெளிநாட்டுக் கைரோபிராக்டராவது படித்துவிட்டு வருகிறார். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டியில், இதற்குக் குறைந்தது 4,200 மணி நேர நேரடிப் பயிற்சி வேண்டும் என்கிறது. நம் ஊர் சலூனில்? முடி வெட்டி முடித்து, தலையில் எண்ணெய் வைத்துத் தட்டி, 'கொஞ்சம் லூசா விடுங்க சார்' என்று தாடையையும் பின்மண்டையையும் பிடித்து இரண்டு பக்கமும் ஒரு சொடக்கு. காசு கேட்பதுகூட இல்லை. வாடிக்கையாளர்தான் 'கழுத்துக்கும் ஒண்ணு எடுத்துவிடுங்கண்ணே' என்று கேட்டு வாங்குகிறார். செய்பவரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, பாசமாகச் செய்கிறார். அதனாலேயே இதைப் பற்றிப் பேச நமக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் 2017-ல் டெல்லியில் 54 வயதுக்காரர் ஒருவருக்கு இப்படிச் சொடக்கு எடுத்ததில் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு சேதமாகி, மூச்சுவிடவே முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 2024-ல் கர்நாடகத்தில் முப்பது வயது இளைஞர் ஒருவருக்குத் தலை மசாஜோடு கழுத்தைத் திருப்பிய பிறகு தமனி கிழிந்து பக்கவாதம் வந்தது. 2022-ல் ஹைதராபாத்தில் பார்லர் பேசினில் கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தலை அலசும்போது ஒரு பெண்ணுக்குப் பக்கவாதம். பார்லர் பேசினில் இப்படி நேர்வதை அமெரிக்காவில் 1993-லேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சலூன் நாற்காலியில் 'கழுத்து வேண்டாம்ணே' என்ற இரண்டு வார்த்தை போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது ஊருக்கு ஊர் 'கைரோ' போர்டுகள் முளைக்கின்றன. கைரோபிராக்டிக்குக்கென்று தனிப் பதிவுக் கவுன்சில் இந்தியாவில் இல்லை. வீடியோ பார்த்துக் கற்றவரும் வெளிநாட்டில் முறையாகப் படித்தவரும் ஒரே போர்டுக்குக் கீழே உட்காரலாம். எனவே எங்கே படித்தீர்கள் என்று கேட்பது அவமரியாதை இல்லை. என்ன செய்யப் போகிறீர்கள், திருப்பாமல் செய்ய முடியுமா, தமனி ஆபத்துக்கு அறிகுறி பார்த்தீர்களா என்றும் கேட்க வேண்டும். எதையும் விசாரிக்காமல், ரத்த அழுத்தம் பார்க்காமல், வந்தவுடன் படுக்கவைத்துத் தலையைப் பிடிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

வாழ்க்கையில் இதுவரை வந்திராத மாதிரி திடீர்க் கழுத்து வலியும் தலைவலியும் சேர்ந்து வந்தால், அதோடு தலைசுற்றல், இரண்டிரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறல், விழுங்க முடியாமை, முகம் மரப்பது, நடை தள்ளாடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், யார் கையிலும் கழுத்தைக் கொடுக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி ஆகியவையும் டாக்டர் பார்க்க வேண்டியவை. முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் எலும்பு பலவீனம் உள்ளவர்களுக்கும் கழுத்தைத் திருப்பும் சிகிச்சை கூடவே கூடாது.

பயிற்சி என்பது ஒரு சின்னத் தலையசைப்பு

ஜூல் குழு கொடுத்த பயிற்சியை விவரித்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். கழுத்தின் முன்பக்கம், உணவுக்குழாய்க்குப் பின்னால், எலும்பை ஒட்டி மெல்லிய தசைகள் இருக்கின்றன. தலையை நிமிர்த்தி வைத்திருக்கும் வேலை இவற்றுடையது. கழுத்து வலி நீடிக்கும்போது இவை சோர்ந்துவிடுகின்றன. வெளியே இருக்கும் பெரிய தசைகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டு இறுகுகின்றன. பயிற்சி, சோர்ந்த தசைகளை எழுப்புவதற்குத்தான். மல்லாந்து படுக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை மாதிரி காற்றடைத்த சின்னப் பை ஒன்றை வைத்து, மானியில் 20 காட்டும்படி அமைப்பார்கள். தலையைத் தூக்காமல், 'ஆமாம்' என்பதுபோல் தாடையை மட்டும் லேசாகத் தாழ்த்த வேண்டும். முள் 22-க்கு வர வேண்டும். அங்கேயே 10 விநாடி. பிறகு 24, 26 என்று 30 வரை. பலருக்கு 24-லேயே கழுத்தின் முன்னால் தசைகள் புடைத்துக்கொண்டு நிற்கும், பெரிய தசைகள் உதவிக்கு வந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். உடனே ஒரு படி இறங்கிவிட வேண்டும். வீட்டில் பைக்குப் பதில் மெல்லிய துண்டை மடித்து வைத்துச் செய்யலாம். ஆனால் முதல் சில தடவை தெரிந்தவர் ஒருவர் அருகில் இருந்து பார்ப்பது நல்லது. தப்பாகச் செய்தால் இறுகிய தசையே இன்னும் இறுகும்.

செல்போன்மேல் பழி போடுவது சுலபம். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ சுமை என்று 2014-ல் நியூயார்க் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் சொன்ன எண் உலகம் சுற்றியது. அது கணினியில் போட்ட கணக்கு; நோயாளிகளிடம் எடுத்த ஆய்வு அல்ல. குனிவதைவிட, குனிந்தே அசையாமல் மணிக்கணக்கில் இருப்பதுதான் பிரச்னை. திருப்பூரில் தையல் மெஷின் முன் உட்கார்பவருக்கும் பேப்பர் திருத்தும் ஆசிரியருக்கும் லேப்டாப்காரருக்கும் இது பொது. அரை மணிக்கொரு தடவை எழுந்து தோளைச் சுழற்றுவதற்கு மேனேஜரும் சூப்பர்வைசரும் இடம் கொடுக்க வேண்டும். தொழிலாளியிடம் மட்டும் நாம் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தால் நடக்காது.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக எண்ண வேண்டும். பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கலாம். பத்து வருடமாக மெடிக்கல் ஷாப்பில் ஒரே மாத்திரையைச் சொல்லி வாங்குபவருக்கு, கழுத்தில் தொடங்கிய வலி எது, மாத்திரையால் வந்த வலி எது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் பின்னிக்கொண்டிருக்கும். அவருக்கு எந்தக் கைச்சிகிச்சையும் எடுபடாது. முதலில் டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைக்க வேண்டும்.

சிகிச்சை தொடங்கும் முன்பே வீட்டுக் காலண்டரில் வலி வந்த நாளையும், எந்தப் பக்கம் வலித்தது, மாத்திரை போட்டோமா என்பதையும் குறித்து வையுங்கள். மென்மையான கைச்சிகிச்சையும் பயிற்சியும் ஆறு வாரம் ஒழுங்காக நடந்த பிறகு, முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் வலி நாள் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் இன்னும் பத்து சிட்டிங் என்று பணம் கட்டாதீர்கள். அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போய், இது கழுத்திலிருந்துதான் வருகிறதா என்று மறுபடி முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.